பரப்பைப் படைப்போம், பரப்பைக் காப்போம்

(உலக ஓசோன் நாளையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஓசோன் படலத்தை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கைவிடுவோம் என்பது அந்த உடன்படிக்கை. அதனால்தான் செப்டம்பர் 16 ஓசோன் நாள். இந்த நாளில் மேடையேறுபவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஒரு வில்லையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விரல்நுனியில் அடங்கும் கரும்பச்சை வில்லை. குரோமியம் ஆக்சைடால் ஆனது. மான்ட்ரியலில் எழுதிய வாக்குறுதியைத் தொழிற்சாலையில் நிறைவேற்றித் தந்த பொருள்களில் அதுவும் ஒன்று.

ஃபுளூரினேற்ற வினைகளுக்கு, மிகுந்த பரப்பளவு கொண்ட உலோக ஆக்சைடு வினையூக்கிகளை உருவாக்குவது எப்படி? இதுதான் இன்றைய பொருள். நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்று. பரப்பைப் படைப்பது பாதி வேலை. பரப்பைக் காப்பது மீதி வேலை. அந்த இரண்டாம் பாதியில்தான் வினையூக்கியின் வாழ்வும் சாவும் இருக்கின்றன.

முதலில், இந்த வில்லை ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

1930ஆம் ஆண்டு. அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டம். தாமஸ் மிட்ஜ்லி என்ற வேதியியலர் மேடையேறுகிறார். ஒரு வாயுவை நெஞ்சு நிறைய இழுக்கிறார். மெல்ல ஊதி ஒரு மெழுகுவத்தியை அணைக்கிறார். இந்த வாயு நஞ்சும் அல்ல, தீப்பற்றவும் பற்றாது என்று ஒரே மூச்சில் காட்டிவிட்டார். அதுதான் பின்னாளில் ஆர்-12 என்று பெயர் பெற்ற குளோரோஃபுளூரோகார்பன். அதற்கு முன் குளிர்ப்பெட்டிகளில் அமோனியாவும் கந்தக டை ஆக்சைடும் ஓடின. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த அச்சத்தைப் போக்கிய ஆர்-12ஐ உலகமே கைநீட்டி வரவேற்றது.

ஆனால் 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். எதனோடும் வினைபுரியாத இந்த வாயு கடைசியில் எங்கே போகிறது? மேல் வளிமண்டலத்துக்குப் போகிறது. அங்கே புறஊதாக் கதிர் பட்டு உடைகிறது. குளோரின் அணு விடுபடுகிறது. அந்த ஓர் அணு ஓசோனைச் சிதைக்கிறது, மீண்டும் குளோரின் அணுவாகவே வெளிவருகிறது, அடுத்த ஓசோனைச் சிதைக்கிறது. 1985இல் ஜோசப் ஃபார்மனும் கூட்டாளிகளும் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பதை அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

மாணவர்களே, இங்கே ஒரு கணம் நில்லுங்கள். தான் அழியாமல், வினையை மீண்டும் மீண்டும் நடத்தும் பொருளுக்கு என்ன பெயர்? வினையூக்கி! வானத்தில் ஓசோனை அழித்ததும் ஒரு வினையூக்கிதான். தரையில் அதற்கு மாற்று செய்து கொடுத்ததும் ஒரு வினையூக்கிதான்.

அந்த மாற்று எது? எச்.எஃப்.சி-134ஏ. அதில் குளோரின் இல்லை. கார்பன், ஹைட்ரஜன், ஃபுளூரின் மட்டுமே. இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களின் ஏ.சி.யில் இருப்பது இதுதான். ஆஸ்துமா நோயாளிகள் கையில் வைத்திருக்கும் இன்ஹேலர்கள் பலவற்றில் மருந்தைத் தள்ளிக்கொண்டு வருவதும் இதுதான்.

இதை எப்படிச் செய்கிறார்கள்? இரண்டு படிகள். முதல் படியில் டிரைகுளோரோஎத்திலீனோடு ஹைட்ரஜன் ஃபுளூரைடு சேர்ந்து, மூன்று ஃபுளூரினும் ஒரு குளோரினும் கொண்ட இடைப்பொருள் கிடைக்கிறது. இரண்டாம் படியில் அந்த ஒற்றைக் குளோரினை எடுத்துவிட்டு நான்காவது ஃபுளூரினை வைக்க வேண்டும். சொல்லும்போது எளிது. செய்யும்போது? மூன்று ஃபுளூரின் சூழ்ந்த கார்பனுக்குப் பக்கத்துக் கார்பனில் அந்தக் குளோரின் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜிய வேதியியலர் ஃப்ரெடரிக் ஸ்வார்ட்ஸ் காட்டிய ஆண்டிமனி ஃபுளூரைடு வழிதான் பழைய குளோரோஃபுளூரோகார்பன்களை உலகுக்குத் தந்தது. இந்தக் குளோரினிடம் அந்த வழி எடுபடவில்லை.

ஆகவே வாயு நிலைக்குப் போனார்கள். சுமார் 350 டிகிரி செல்சியஸ் வெப்பம், மிகுதியான ஹைட்ரஜன் ஃபுளூரைடு, குழாய் நிறையக் குரோமியம் ஆக்சைடு வில்லைகள். அப்போதும் சமநிலை நமக்குச் சாதகமாக இல்லை. ஒரு சுற்றில் ஒரு பகுதிதான் மாறும். மீதியைப் பிரித்து மறுபடியும் அனுப்ப வேண்டும். 1990இல் இங்கிலாந்தின் ரன்கார்ன் நகரில் ஐ.சி.ஐ. நிறுவனம் இதற்கான ஆலையைத் திறந்தது.

சமநிலையை வினையூக்கியால் மாற்ற முடியாது. வேகத்தை மாற்ற முடியும். வேகம் எங்கே பிறக்கிறது? பரப்பில் பிறக்கிறது. அந்தப் பரப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம். ஆறு முகங்கள். மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இதைப் பத்து நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டுங்கள். பரப்பு பத்து லட்சம் மடங்காகும். 600 சதுர மீட்டர்! பொருள் அதேதான், எடை அதேதான், பரப்பு மட்டும் பத்து லட்சம் மடங்கு. குரோமியம் ஆக்சைடின் அடர்த்தி 5.2. அந்தக் கனசதுரத்தின் எடை 5.2 கிராம். ஆக, ஒரு கிராமுக்குச் சுமார் 115 சதுர மீட்டர். துகளை ஐந்து நானோமீட்டராக்கினால் 230 சதுர மீட்டர்.

இதை அளப்பது எப்படி? அளவுகோல் வைக்க முடியுமா? முடியாது. 1938இல் ஸ்டீபன் புருனாவர், பால் எம்மெட், எட்வர்ட் டெல்லர் மூவரும் ஒரு வழி வகுத்தார்கள். அவர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து பி.இ.டி. முறை என்கிறோம். வினையூக்கியை −196 டிகிரிக்குக் குளிர்வித்து, நைட்ரஜன் மூலக்கூறுகளை அதன் மேல் படியவிடுகிறோம். ஒற்றை அடுக்காகப் பரவ எத்தனை மூலக்கூறு தேவைப்பட்டது என்று கணக்கிடுகிறோம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு பிடிக்கும் இடம் 0.162 சதுர நானோமீட்டர். பெருக்கினால் பரப்பு. ஒரு கிராம் வினையூக்கியின் மேல், திட்ட வெப்ப அழுத்த நிலையில் அளந்த 46 கன சென்டிமீட்டர் நைட்ரஜன் ஒற்றை அடுக்காகப் படிந்தால், அதன் பரப்பு 200 சதுர மீட்டர். நம் கணக்கில் 2,150 சதுர அடி! ஒரு சிட்டிகைப் பொடிக்குள்!

அப்படியானால் நிறையப் பரப்புள்ள ஏதாவது ஒரு பொருளை எடுத்துப் போட்டுவிடலாமே? சிலிக்கா ஜெல்லின் பரப்பு கிராமுக்குப் பல நூறு சதுர மீட்டர். விலையும் மலிவு. ஏன் பயன்படுத்தவில்லை? எதிரில் நிற்பது ஹைட்ரஜன் ஃபுளூரைடு, நண்பர்களே! கண்ணாடியையே கரைக்கும் பொருள் அது. சிலிக்காவை வாயுவாக்கித் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஃபுளூரின் தனிமத்தின் வரலாறே தியாகத்தின் வரலாறு. ஃபுளூரினைப் பிரிக்க முயன்ற பெல்ஜியத்தின் லூயெட் உயிரிழந்தார். பிரான்சின் நிக்லே உயிரிழந்தார். 1886 ஜூன் 26 அன்றுதான் ஆன்ரி முவாசான் அதைத் தனித்துப் பிரித்தார். 1906இல் நோபல் பரிசு பெற்றார். ஹைட்ரஜன் ஃபுளூரைடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே மாணவர்களே, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் இந்த வினையைத் தொடாதீர்கள். எந்த ஆய்வேடும் உங்கள் விரல்களை விடப் பெரிதல்ல.

சிலிக்கா கூடாது. வேறு எது தாங்கும்? குரோமியம் ஆக்சைடு தாங்கும். அலுமினா, ஃபுளூரைடாக மாறித் தாங்கும். மெக்னீசியம் ஆக்சைடும் ஃபுளூரைடாக மாறித் தாங்கும். குரோமியம் ஆக்சைடையே எடுத்துக்கொண்டு, அதைச் செய்யும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, வீழ்படிவு. குரோமியம் நைட்ரேட்டை நீரில் கரைக்கிறோம். அமோனியாக் கரைசலை மெல்லச் சேர்க்கிறோம். சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஹைட்ராக்சைடு ஜெல் திரள்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு மலிவாயிற்றே, அது ஆகாதா? ஆகாது. சோடியம் ஜெல்லுக்குள் ஒட்டிக்கொள்ளும். வினை நடக்க வேண்டிய அமில இடங்களை அது மழுங்கடிக்கும். அமோனியாவோ கழுவினால் போகும், சூடாக்கினாலும் போகும். அதற்காக அமோனியாவை அள்ளிக் கொட்டலாமா? கூடாது. அளவு மிஞ்சினால் குரோமியத்தில் ஒரு பங்கு மீண்டும் கரைந்து, கரைசல் ஊதாவாகும். அந்த ஊதா, வடிகட்டி வழியே வெளியேறும் குரோமியத்தின் நிறம். கலக்கும் இடத்தில் காரம் குவியாமல் இருக்க, யூரியாவைக் கரைத்துச் சுமார் 90 டிகிரியில் வைப்பதும் உண்டு. யூரியா சிதைந்து, அமோனியாவைக் கரைசல் முழுவதும் சீராகத் தரும்.

இரண்டாம் படி, கழுவுதல். இதைச் சிறிய வேலை என்று நினைக்காதீர்கள். ஜெல்லுக்குள் அமோனியம் நைட்ரேட் மிச்சமிருந்தால், சூடாக்கும்போது அது வெப்பத்தை உமிழ்ந்து சிதையும். குரோமியத்தை உயர் ஆக்சிஜனேற்ற நிலைக்குத் தள்ளும். கழுவிய நீரின் மின்கடத்துதிறன் குறைந்து நிலைக்கும்வரை கழுவ வேண்டும்.

மூன்றாம் படி, உலர்த்துதல். பரப்பு பறிபோகும் முதல் இடம் இதுதான். கோடையில் வற்றும் ஏரியைப் பாருங்கள். ஈரமாக இருந்தபோது விரிந்து கிடந்த வண்டல், நீர் வற்ற வற்றச் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. யார் அதைச் சுருக்கினார்கள்? வெளியேறும் நீர்தான் சுருக்கியது. துகள்களுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீரின் பரப்பு இழுவிசை சுவர்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. நம் ஜெல்லில் அந்த இடைவெளிகள் நானோமீட்டர் அளவினவை. இடைவெளி சிறுக்கச் சிறுக்க இழுப்பு பெருகும்.

இதற்கு என்ன செய்யலாம்? நீரை எடுத்துவிட்டு எத்தனாலை வைக்கலாம். எத்தனாலின் பரப்பு இழுவிசை நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்னும் ஒரு படி மேலே போய், இழுவிசையே இல்லாமல் செய்யலாம். 1931இல் சாமுவேல் கிஸ்ட்லர் இதைத்தான் காட்டினார். ஜெல்லிலுள்ள நீர்மத்தை அழுத்தத்தோடு மாறுநிலை வெப்பத்துக்கு மேலே கொண்டுபோனால், நீர்மம் என்றும் வாயு என்றும் பிரிவே இல்லை. பிரிவு இல்லையேல் பரப்பு இல்லை, இழுவிசை இல்லை, சுருக்கம் இல்லை. இன்று கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு, 31 டிகிரிக்குச் சற்று மேலே, 74 பார் அழுத்தத்தைத் தாண்டி இதைச் செய்கிறோம். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென்னத் கிளபுண்டேயும் மாணவர்களும் மெக்னீசியம் மெத்தாக்சைடிலிருந்து தொடங்கி, உயரழுத்தக் கலனில் கரைப்பானை இவ்வாறு நீக்கி, கிராமுக்கு 400 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள மெக்னீசியம் ஆக்சைடை உருவாக்கினார்கள்.

நான்காம் படி, சுடுதல். பரப்பு பறிபோகும் இரண்டாம் இடம். 300, 350 டிகிரிவரை நைட்ரஜன் ஓட்டத்தில் சுடும்போது ஜெல் நீரை இழந்து, படிக ஒழுங்கற்ற குரோமியம் ஆக்சைடாகிறது. பரப்பு மிகுந்த நிலை அது. 400 டிகிரியை ஒட்டி வெப்பத்தைக் கவனமில்லாமல் ஏற்றினால் என்ன ஆகும்? பொடி திடீரென்று தானே செம்மையாக ஒளிரும்! இந்த ஒளிர்வைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலர்களே அறிந்திருந்தார்கள். ஒழுங்கற்ற அணுக்கள் ஒரே வீச்சில் படிகமாகி, சேர்த்து வைத்த ஆற்றலை வெப்பமாகக் கொட்டுகின்றன. அழகான பச்சைப் படிகம் கிடைக்கும். பரப்பின் பெரும்பகுதி அந்தச் சில நொடிகளில் போய்விடும். காற்றில் சுட்டால் இன்னொரு கேடு. அறுமதிப்புக் குரோமியம் உருவாகும். அது புற்றுநோய் உண்டாக்குவது. அதோடு, ஹைட்ரஜன் ஃபுளூரைடைச் சந்தித்ததும் குரோமைல் ஃபுளூரைடாக ஆவியாகி, குரோமியத்தையே கொண்டுபோய்விடும். வினையூக்கி தன்னைத் தானே இழக்கும்.

இத்தனையும் தாண்டி, சிறிதளவு கிராஃபைட்டைச் சேர்த்து அழுத்தி, வில்லையாக்கி, நிக்கல் உலோகக்கலவைக் குழாயில் நிரப்பிவிட்டோம். பரப்பைப் படைத்துவிட்டோம். போதுமா? காக்க வேண்டாமா?

நம் வினையூக்கி இன்னும் ஹைட்ரஜன் ஃபுளூரைடைச் சந்திக்கவில்லை, நண்பர்களே! ஆக்சைடு ஃபுளூரைடாக மாறும்போது பருமன் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு மோல் அலுமினாவின் பருமன் சுமார் 28 கன சென்டிமீட்டர். அதிலிருந்து பிறக்கும் இரண்டு மோல் அலுமினியம் ஃபுளூரைடின் பருமன் சுமார் 54. ஏறக்குறைய இரு மடங்கு! குரோமியத்திலும் கணக்கு இப்படித்தான். பெருக்கும் திடப்பொருள் எங்கே போகும்? துளைகளுக்குள் போகும். துளை அடைபடும். கூடவே வெப்பம் வெளிப்படும், நீராவி வெளிப்படும். சூடான நீராவி துகள்களை ஒட்டவைப்பதில் வல்லது. கிராமுக்கு 200 சதுர மீட்டர் இருந்த அலுமினா, முழுதும் ஃபுளூரைடானதும் சில பத்துச் சதுர மீட்டருக்கு இறங்கிவிடும்.

ஆகவேதான் முதல் சந்திப்பைப் பொறுமையாக நடத்துகிறோம். ஹைட்ரஜன் ஃபுளூரைடை நைட்ரஜனில் நீர்க்கச் செய்து, குறைந்த வெப்பத்தில் தொடங்கி, படுகையின் வெப்ப அலை கடந்து முடியும்வரை காத்திருந்து, படிப்படியாக ஏற்றுகிறோம். குரோமியத்தில் நமக்கு வேண்டியது மேற்பரப்பின் ஃபுளூரினேற்றம் மட்டுமே. உள்ளே ஆக்சைடு ஆக்சைடாகவே இருந்து சட்டகத்தைத் தாங்க வேண்டும். துத்தநாகத்தைச் சிறிதளவு சேர்த்தால் திறன் கூடுகிறது. அது இன்றும் தொழில்துறையில் வழக்கத்தில் இருக்கிறது.

எல்லாப் பரப்பும் ஒரே மதிப்புடையதா? இல்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜான் வின்ஃபீல்டும் கூட்டாளிகளும் 110 நிமிட அரை ஆயுள் கொண்ட கதிரியக்க ஃபுளூரின்-18ஐ வைத்து, குரோமியத்தின் மேலுள்ள ஃபுளூரினைப் பின்தொடர்ந்தார்கள். சில ஃபுளூரின்கள் எளிதில் இடம் மாறி வினையில் பங்கெடுக்கின்றன. சில அசையாமல் கிடக்கின்றன. பி.இ.டி. எண்ணை மட்டும் துரத்துபவர்கள் இதை மறக்கக் கூடாது. அசையும் ஃபுளூரின் வாழும் பரப்புதான் நமக்குச் சோறு போடும் பரப்பு.

ஆலை ஓடத் தொடங்கிய பிறகும் காவல் ஓயாது. அமில இடங்களில் கரிமச் சேர்மங்கள் ஒன்றோடொன்று இணைந்து கரியாகப் படியும். காற்றை அளவோடு விட்டு அந்தக் கரியை எரித்தெடுப்பார்கள். கரி எரியும் வெப்பம் கைமீறினால் மீண்டும் படிகமாதல், மீண்டும் பரப்பிழப்பு. அதிகப் பரப்பு இருந்தால் வெப்பத்தைக் குறைத்து ஓட்டலாம். வெப்பம் குறைந்தால் கரி குறையும். கரி குறைந்தால் பரப்பு நிலைக்கும். பரப்பே பரப்பைக் காக்கிறது!

இந்தத் துறையில் ஒருவர் துணிந்து ஒரு கேள்வி கேட்டார். ஆக்சைடைச் செய்துவிட்டுப் பிறகு ஃபுளூரைடாக்கும்போதுதானே பரப்பு அழிகிறது? வரிசையை மாற்றினால் என்ன? பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் எர்ஹார்ட் கெம்னிட்ஸ் அதைச் செய்து காட்டினார். அலுமினியம் ஐசோபுரோப்பாக்சைடை எடுத்து, நீரில்லாத கரைப்பானில், ஹைட்ரஜன் ஃபுளூரைடைக் கரைசலாகச் சேர்த்தார். ஜெல் நிலையிலேயே ஃபுளூரின் உள்ளே போனது. பிறகு மென்மையான ஃபுளூரினேற்றம். 2003இல் அவரது குழு வெளியிட்ட அந்த அலுமினியம் ஃபுளூரைடின் பரப்பு கிராமுக்குச் சுமார் 200 சதுர மீட்டர். வலிமைமிக்க லூயிஸ் அமிலத்தன்மையும் அதோடு வந்தது. விலையுயர்ந்த எந்திரம் அல்ல, வரிசை பற்றிய ஒரு கேள்வி அந்த வாசலைத் திறந்தது.

இனி, நாளைய கடமை. எச்.எஃப்.சி-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்கும். நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமேற்றும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 1,400 மடங்கு. அதனால் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2021இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. 2028இல் நம் எச்.எஃப்.சி. பயன்பாடு ஒரு வரம்பில் நிறுத்தப்பட வேண்டும். 2047இல் 85 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். இன்று உலகின் புதிய கார்கள் பலவற்றில் எச்.எஃப்.ஓ-1234ஒய்எஃப் என்ற பொருள் வந்துவிட்டது. வளிமண்டலத்தில் இரண்டு வாரங்கூடத் தங்காது. அதைச் செய்யும் முக்கிய வழியொன்றின் முதல் படியிலும் குரோமியம் ஆக்சைடுதான் வேலை செய்கிறது. சிதையும்போது அது டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலமாகி மழையோடு இறங்குகிறது என்பதும் உண்மை. வேலை இன்னும் முடியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. மாணவர்களே, நீங்கள் செய்யும் ஒவ்வொரு வினையூக்கிக்கும் சேர்த்த வேகம், கார அமில அளவு, கழுவிய முறை, உலர்த்திய நேரம், வெப்பம் ஏறிய வீதம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். செய்முறையில் விட்டுப்போன ஒரு வரி, அடுத்தவரின் ஓராண்டு உழைப்பை விழுங்கிவிடும். ஆய்வாளர்களே, புதிய வினையூக்கியின் பரப்போடு நிறுத்தாதீர்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் ஓடி முடித்த வினையூக்கியின் பரப்பையும் அளந்து, இரண்டு எண்களையும் அருகருகே வெளியிடுங்கள். முதல் எண் உங்கள் திறமை, இரண்டாம் எண் உண்மை. தொழில்துறை நண்பர்களே, ஓய்ந்துபோன வினையூக்கிகளைக் கழிவென்று ஒதுக்காமல், உரிய பாதுகாப்போடு பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுக்குக் கொடுங்கள். ஒரு வினையூக்கி ஏன் இறந்தது என்று தெரியாமல், அடுத்ததை நீண்டகாலம் வாழவைக்க முடியாது.

2047இல் இந்த அவையின் இளைஞர்களாகிய நீங்கள் ஆய்வகங்களுக்கும் ஆலைகளுக்கும் தலைமை தாங்கிக்கொண்டிருப்பீர்கள். அன்று உலகைக் குளிர்விக்கும் பொருள் எதுவாகவும் இருக்கட்டும். அதைச் செய்யும் வினையூக்கி உங்கள் கைகளில் பிறந்ததாக இருக்கட்டும். வேலையை இன்றே தொடங்குங்கள்.